சோழவரம் பந்தயத் தடமும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும்

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள சோழவரம் இரண்டு காரணங்களால் அறியப்பட்ட ஊர். ஒன்று, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. மற்றொன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம். போருக்குப் பின் அந்த ஓடுதளத்தில்தான் தென்னிந்தியாவின் மோட்டார் சைக்கிள், கார் பந்தயங்கள் பல ஆண்டுகள் நடந்தன. அவற்றை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென ஒரு நிரந்தரத் தடத்தைத் திறந்தது. அதன்பின் சோழவரத்தின் பந்தயக் காலம் முடிவுக்கு வந்தது.

போர் விட்டுச் சென்ற ஓடுதளங்கள்

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினர். அந்தப் போர்க் காலத்தில் தமிழகத்தின் பல இடங்களில் விமானத் தளங்கள் உருவாயின. சோழவரம், சூலூர், கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை ஆகியவை அவற்றுள் சில. விழுப்புரம் பகுதி வாசகர்களுக்கு உளுந்தூர்பேட்டை ஓடுதளம் தெரிந்திருக்கும். முண்டியம்பாக்கத்தைத் தாண்டி விழுப்புரம் வழியாகத் திருச்சி நோக்கிச் செல்பவர்கள் அந்த ஊரைக் கடந்துதான் போக வேண்டும்.

போர் முடிந்ததும் இந்தத் தளங்களில் பலவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சில விமானப்படைக்கும் பயணிகள் விமானச் சேவைக்கும் பயன்பட்டன. மற்றவற்றில் புல் முளைத்தது, ஆடு மாடுகள் மேய்ந்தன, பக்கத்து ஊர்க்காரர்கள் நெல்லும் மல்லாட்டையும் காயவைத்தனர். சோழவரம் மட்டும் ஏன் பந்தயத் தடமானது என்ற கேள்விக்கு விடை ஓடுதளத்தின் தரத்தில் இல்லை. உளுந்தூர்பேட்டையிலும் தரை சமதளம்தான். ஆனால் சோழவரம் சென்னையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்தது. சென்னையில் மோட்டார் தொழில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போகத் தயாராக ஒரு கூட்டமும் இருந்தது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதையல்ல. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், போர்க்கால விமானத் தளத்தில் உருவான பந்தயத் தடம். 1948இல் அங்கே முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தபோது வைக்கோல் கட்டுகளே எல்லை காட்டின. இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுகுருந்த ஓடுதளமும் இதே வழியில் பந்தயக் களமானது. இலங்கை ஓட்டுநர்கள் சோழவரத்துக்கு வந்து போட்டியிட்டதும் உண்டு. இரு ஊர்களின் தரையும் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்ததால் அவர்களுக்குச் சோழவரம் அந்நியமாகப் பட்டிருக்காது.

கிளப்பின் தொடக்கம்

1950களின் சென்னையில் மோட்டார் என்றால் மவுண்ட் ரோடுதான். சிம்ப்சன், அடிசன் போன்ற நிறுவனங்களின் காட்சியறைகளும் பட்டறைகளும் அங்கே இருந்தன. விடுதலைக்குப் பின்னும் சென்னையில் தங்கிவிட்ட ஆங்கில நிறுவன அதிகாரிகள், மோட்டார் வணிகம் செய்த இந்தியக் குடும்பங்கள், இயந்திரத்தில் பித்துக் கொண்ட இளைஞர்கள் என்று பல தரப்பினர் கிளப்பில் சேர்ந்தனர். தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவரான இந்து சந்தோக், பின்னர் இந்தியா முழுவதுமுள்ள மோட்டார் கிளப்புகளை ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவரும் முயற்சியில் முக்கியப் பங்கு வகித்தார். அந்த அமைப்பு 1971இல் உருவான இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு. அவருடைய மகன் விக்கி சந்தோக் சோழவரத்தில் ஓட்டியவர். பேரன் கருண் சந்தோக் 2010இல் பார்முலா ஒன் வரை சென்றார்.

கிளப்புக்குச் சொந்தமாகத் தடம் கிடையாது. ஓடுதளம் அரசின் பாதுகாப்புத் துறைக்கு உரிய நிலம். எனவே பந்தயம் என்பது ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்கி, கொட்டகை போட்டு, தடுப்புகள் வைத்து, முடிந்ததும் எல்லாவற்றையும் அகற்றும் வேலை. ஒன்றையொன்று சந்திக்கும் ஓடுதளங்களில் டிரம்களையும் வைக்கோல் கட்டுகளையும் வரிசையாக வைத்துத் திருப்பங்களை உண்டாக்கினர். திருவிழாவுக்குப் பந்தல் போடுவது போலத்தான். இந்த நிலையற்ற தன்மையே கிளப்பின் பிற்கால முடிவுகளுக்கெல்லாம் காரணமாக இருந்தது.

ஓடுதளத்தில் ஓட்டம்

பொங்கலுக்குப் பின், வெயில் ஏறுவதற்கு முன், பிப்ரவரியை ஒட்டி நடக்கும் அகில இந்தியப் பந்தயமே சோழவரத்தின் பெரிய நிகழ்ச்சி. சென்னையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கோண்டல் மகாராஜா, விஜய் மல்லையா போன்றோர் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினர். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் தாமே வடிவமைத்த கார்களுடன் வந்தார். பத்திரிகைகளில் பெரும்பாலும் இந்தக் கார்களின் படங்களே வந்தன. ஆயினும் கார்ப் பந்தயம் வசதி படைத்த சிலருடையதாகவே இருந்தது. கூட்டத்தில் நின்றவர்கள் தங்கள் வண்டி என்று சொல்லிக்கொள்ளக் கூடியது மோட்டார் சைக்கிள்தான்.

அந்த மோட்டார் சைக்கிள்களின் வரலாறு இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் வரலாறும் ஆகும். 1955இல் என்பீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா, வடக்கே எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் ஆகியவை வந்தன. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்தியச் சாலையில் கிடைத்தது ஏறத்தாழ இவ்வளவுதான். வெளிநாட்டுப் பந்தய மோட்டார் சைக்கிளை இறக்குமதி செய்வது மிகச் சிலருக்கே முடிந்த காரியம். ஆகவே சோழவரத்தில் ஓடிய பெரும்பாலான வண்டிகள் வாரநாளில் அலுவலகத்துக்கும் பால் ஊற்றவும் போகும் வண்டிகளின் உடன்பிறப்புகளே. முகப்பு விளக்கைக் கழற்றி, மட்கார்டை எடுத்து, எண் பலகையை ஒட்டி அவற்றைப் பந்தயத்துக்கு இறக்கினர்.

இந்தப் பற்றாக்குறைதான் மெக்கானிக்கை உருவாக்கியது. புதிய வண்டி வாங்க முடியாதபோது இருக்கும் வண்டியை வேகப்படுத்துவதே வழி. ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் ஆகியவை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். அவற்றில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. அரத்தால் அந்தத் துவாரத்தின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், எஞ்சின் அதிகச் சுழற்சியில் அதிக விசை தரும், ஆனால் குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். ஹெட்டை லேத்தில் சீவினால் அழுத்தம் கூடும். சைலன்சருக்குப் பதிலாக நடுவில் பருத்து முனையில் ஒடுங்கும் குழாயைப் பொருத்தினால், வெளியேறும் புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, தப்பியோடும் பெட்ரோல் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். இந்தக் குழாயைத் தகடு வெட்டி, கூம்புகளாக மடித்து, வெல்டிங் செய்தவர்களுக்குப் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. கை அளவும் காது கேள்வியும் போதுமாக இருந்தன. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கிடைக்கும் உதிரிபாகங்கள் இந்த வேலைக்கு உதவின.

கணக்குத் தவறினால் விளைவு உடனே தெரியும். கார்பரேட்டரில் பெட்ரோல் சற்றுக் குறைந்தாலும் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் நின்றவுடன் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் அப்படி நடந்தால் ஓட்டுநர் தரையில்தான். அதனால் டூ-ஸ்ட்ரோக் பந்தய வண்டி ஓட்டுபவர்கள் நேர்ப்பாதையில் இரண்டு விரல்களை எப்போதும் கிளட்ச் பிடியின் மேலேயே வைத்திருப்பார்கள். எஞ்சினின் ஒலி மாறிய கணமே கிளட்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும்.

ஓடுதளம் இந்த வண்டிகளிடம் கேட்டது முதன்மையாக உச்ச வேகத்தை. நீண்ட நேர்ப்பாதை, முடிவில் கூர்மையான திருப்பம், மறுபடியும் நேர்ப்பாதை. முன்னால் செல்லும் வண்டியின் பின்னே காற்றெதிர்ப்புக் குறைந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகி முந்துவது இங்கே பழகிய உத்தி. பிரேக் அப்போது பெரும்பாலும் டிரம் வகை. சில சுற்றுகளுக்குப் பின் சூடேறினால் பிடிப்புக் குறையும். யார் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கிறார் என்பதில் பாதிப் பந்தயம் முடிவாகிவிடும்.

1980களில் காட்சி மாறியது. ஜப்பானிய நிறுவனங்களுடன் கூட்டுத் தயாரிப்புக்கு அரசு அனுமதித்தது. 1983இல் ராஜ்தூத் 350 வந்தது. இரண்டு சிலிண்டர்கள் கொண்ட அந்த யமஹா வடிவமைப்பு விலையாலும் பெட்ரோல் செலவாலும் சாலையில் தோற்றது, பந்தயக்காரர்களிடம் புகழ் பெற்றது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 என 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. சிறிய எஞ்சின், குறைந்த எடை, எளிதில் கிடைக்கும் பாகங்கள். கல்லூரி மாணவனும் மெக்கானிக்கின் உதவியாளனும் பந்தயத்தில் நுழைய இவை வழிவிட்டன. டிவிஎஸ் நிறுவனம் 1982இலேயே தன் பந்தய அணியை உருவாக்கியிருந்தது. விற்பனையில் மோதிய நிறுவனங்கள் சோழவரத்திலும் மோதின. டயர் நிறுவனங்களும் ஆதரவாளர்களாக வந்தன. பொழுதுபோக்காகத் தொடங்கியது, சிலருக்கு மாதச் சம்பளம் தரும் வேலையாக மாறியது இந்தப் பத்தாண்டில்தான்.

சொந்த நிலம்

தற்காலிகத் தடுப்புகளும் அருகிலேயே நிற்கும் பெருங்கூட்டமும் எண்பதுகளின் வேகத்துக்குப் பொருந்தவில்லை. பாதுகாப்புத் துறையின் நிலத்தில் நிரந்தரச் சுவரோ பார்வையாளர் அரங்கோ கட்டிக்கொள்ள ஒரு கிளப்பால் இயலாது. ஆண்டு முழுவதும் பயிற்சி நடத்தவும் முடியாது. எனவே கிளப் நிலம் வாங்க முடிவெடுத்தது. பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த புதிய தடம் 1990இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 3.717 கிலோமீட்டர், திருப்பங்கள் 12. 2011இல் கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் நீளப் புத் சர்வதேசத் தடம் வரும்வரை நாட்டின் முதன்மைத் தடம் இதுவே. உறுப்பினர்களின் கிளப் ஒன்று தானே நிலம் வாங்கித் தடம் கட்டி அதை இன்றுவரை நடத்திவருவது இந்திய விளையாட்டில் அரிய செய்தி. பெரும்பாலான விளையாட்டுகள் அரசு மைதானத்தை நம்பியே இருக்கின்றன.

கிளப் நிலம் வாங்கியபோது இருங்காட்டுக்கோட்டை ஏரியும் வயலும் கொண்ட கிராமம். 1996இல் ஹூண்டாய் நிறுவனம் அங்கே கார்த் தொழிற்சாலை அமைக்க வந்தது. 1998இல் உற்பத்தி தொடங்கியது. சிப்காட் வளாகமும் உதிரிபாக ஆலைகளும் சூழ்ந்தன. சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்த நிலம் ஒரு கிளப்பின் கைக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே.

புதிய தடம் ஓட்டும் முறையையும் மாற்றியது. இங்கே ஒரு திருப்பம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். உச்ச வேகம் மட்டும் போதாது. திருப்பத்திலிருந்து வெளியேறும்போது இழுவை வேண்டும், வண்டியைச் சாய்த்து முழங்கால் தரையை உரச ஓட்டும் திறமை வேண்டும். ஓடுதளத்தில் வென்ற சில வண்டிகளின் அமைப்பு இங்கே எடுபடவில்லை. 2000த்துக்குப் பின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதால் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் சந்தையிலிருந்து மறைந்தன. அரத்தால் துவாரம் செதுக்கிய கைவேலையின் இடத்தை மெல்ல மெல்லக் கணினி நிரல் பிடித்துக்கொண்டது.

நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு வடிவமைத்த பார்முலா மாருதி கார் அது. 2005இல் நரேன் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் தேசிய சாம்பியன்ஷிப்பின் சுற்றுகள் ஆண்டுதோறும் இங்கே நடக்கின்றன. பழைய தலைமுறை ஓட்டுநர் ஆர்.ஏ. அப்துல்லாவின் மகள் அலிஷா அப்துல்லா ஆண்களோடு போட்டியிட்டுப் பெயர் பெற்றார். பெண்களுக்கான தனிப் பந்தயங்கள் பின்னர் வந்தன. சோழவரத்தின் காலத்தில் எளிதில் நடந்திராத மாற்றம் இது.

இழப்பும் இருந்தது. சோழவரத்துக்கு வந்த கூட்டம் இருங்காட்டுக்கோட்டைக்கு முழுதாக வரவில்லை. தொலைக்காட்சியும் கிரிக்கெட்டும் ஒரு காரணம். ஆண்டுக்கு ஒரு முறை வரும் திருவிழா பல வார இறுதிகளாகப் பிரிந்துபோனது இன்னொன்று. வேலிக்குள் நடக்கும் விளையாட்டு, அதை முன்பே அறிந்தவர்களின் விளையாட்டாகச் சுருங்கும்.

ஸ்பீட்வே என்ற சொல்

கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள மற்றொரு தடம் இருக்கிறது. 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் நினைவாக அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். பெயரைக் கொண்டு குழம்ப வேண்டியதில்லை. உலக வழக்கில் மோட்டார் சைக்கிள் ஸ்பீட்வே என்பது வேறு வகை ஆட்டம். முட்டை வடிவ மண் தடம், பிரேக்கே இல்லாத ஒற்றைக் கியர் வண்டி, மெத்தனால் எரிபொருள், நான்கு பேர், நான்கு சுற்று. ஆஸ்திரேலியாவின் மேற்கு மெய்ட்லண்டில் 1923இல் நடந்த பந்தயங்கள் அதன் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. பின்னர் இங்கிலாந்திலும் போலந்திலும் அது பெருங்கூட்டம் சேர்த்தது. ஊருக்கு ஒரு தடம், தடத்துக்கு ஒரு கிளப் என்பது அந்த ஆட்டத்தின் மரபு. தமிழ்நாட்டில் வேர்விட்டது தார்த் தடப் பந்தயமும், மேடு பள்ளங்களில் தாவும் மோட்டோகிராஸும்தான்.

2023க்குப் பின்

2023ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டைக்குத் துயரமானது. ஜனவரியில் கார்ப் பந்தயம் ஒன்றில் அனுபவமிக்க மூத்த ஓட்டுநர் ஒருவர் விபத்தில் இறந்தார். ஆகஸ்ட் 5 அன்று தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் இளம் ஓட்டுநர் பிரிவில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் முதல் திருப்பத்தைக் கடக்கும்போது விழுந்து இறந்தான். அந்த வார இறுதியின் எஞ்சிய பந்தயங்களை கிளப் ரத்து செய்தது.

மோட்டார் வாகனச் சட்டப்படி சாலையில் கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். பந்தயத் தடம் பொதுச் சாலை அல்ல என்பதால் இந்த வயது வரம்பு அங்கே செல்லாது. உலக அளவில் வெல்ல வேண்டுமானால் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது பயிற்சியாளர்களின் வாதம். ஐரோப்பாவில் பத்து வயதுக்கு முன்பே சிறுவர்கள் சிறிய வண்டிகளில் ஓட்டத் தொடங்குகிறார்கள். அது உண்மையே. ஆனால் அங்கே சிறுவர்கள் தொடங்குவது சிறு தடங்களில், சிறு எஞ்சின்களில். முழுநீளத் தடத்தில், கூட்டமாகப் புறப்படும் பந்தயத்தில், முதல் திருப்பம்தான் மிக ஆபத்தான இடம். எந்த வயதில், எந்த அளவு வண்டியில், எந்தத் தடத்தில் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மறுபக்கம், தடத்துக்கு வராதவர்களின் ஆபத்து இன்னும் பெரியது. சென்னையில் இரவு நேரச் சாலைப் பந்தயங்களில் ஈடுபடும் இளைஞர்களைக் காவல்துறை பிடிப்பதும் வண்டிகளைப் பறிமுதல் செய்வதும் அடிக்கடி வரும் செய்தி. முறையான பந்தயத்தில் கலந்துகொள்ள கூட்டமைப்பின் உரிமம், மருத்துவச் சான்று, முழுத் தோல் உடை, தரமான ஹெல்மெட், நுழைவுக் கட்டணம் எல்லாம் தேவை. இவை உயிரைக் காப்பவை, செலவு மிக்கவையும் கூட. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருக்கும் இளைஞன் ஒருவன் ஒரு நாள் பயிற்சிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணித்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போக வேண்டும். அவன் வீட்டு வாசலில் நாற்கரச் சாலை ஓடுகிறது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் சாலைத் தடத்தில் இரவு நேரக் கார்ப் பந்தயம் நடந்தது. முந்தைய டிசம்பரில் நடக்கவிருந்து, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. பொதுச் சாலையில் தடுப்பு வைத்து, பந்தயம் முடிந்ததும் அகற்றினார்கள். சோழவரத்தில் வைக்கோல் கட்டுகளைக் கொண்டு செய்ததையே இந்த முறை கான்கிரீட் சுவரையும் கம்பி வலையையும் கொண்டு செய்தார்கள். அதில் மோட்டார் சைக்கிள்களுக்கு இடமில்லை. சுவருக்கும் தடத்துக்கும் இடைவெளி இல்லாத இடத்தில் இரு சக்கர வண்டியை ஓடவிட முடியாது என்பது எளிய காரணம். விழுந்தால் சறுக்கி ஓய வெற்றிடம் வேண்டும். பழைய ஓடுதளத்தில் ஓரங்களில் அந்த வெற்றிடம் நிறையவே இருந்தது.